நாற்பத்தெட்டு என்று நான் சொன்னேன்

“பேர் குடுக்கவா, வாணாமா? நீ சொல்லு தங்கச்சி. நீ சொன்னா முடிஞ்சது.”

தாவீது அண்ணன் இப்படிக் கேட்டபோது நான் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தேன். புகைப் பரிசோதனைக் கூண்டின் ஜன்னலுக்குள் தலையை நுழைத்து, முழங்கை இரண்டையும் பலகையில் ஊன்றியிருந்தார். வெளியே நல்ல வெயில். அவருக்குப் பின்னால் ஒரு மணல் லாரி நின்று உறுமிக்கொண்டிருந்தது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுப் பதில் சொல்லலாம் என்று பார்த்தேன். விழுங்க முடியவில்லை.

அவர் கேட்டது இதுதான். அவருடைய பழைய டீசல் வேன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வண்டியாக ஓடியது. பழைய வண்டிகள் எல்லாவற்றையும் கம்பெனி வாசலிலேயே நிறுத்திப் புகை பார்க்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். தேறாத வண்டிக்கு அன்றோடு ஓட்டம் கிடையாது. தேறாது என்று பயப்படுகிறவர்கள் முன்கூட்டியே பேர் கொடுத்துவிடலாம். கம்பெனியே வங்கிக்குக் கடிதம் தரும். புது வண்டி எடுத்துக்கொள்ளலாம், ஓட்டமும் போகாது. பேர் கொடுக்கக் கடைசி நாள் சனிக்கிழமை. அதற்குப் பிறகு போய் நின்றால் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

ஆக, அந்த மனிதரின் பிழைப்பு அன்றைக்கு என் வாயில் இருந்தது, பன்னோடு சேர்ந்து.

இந்தத் தொடரில் இதுவரை எனக்குக் கெடுதல் செய்தவர்களைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறேன். சூப்பர்வைசர், வார்டன், ஊரிலிருந்து எங்களை அழைத்துவந்த ஏஜெண்ட் என்று ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. ‘ஐயோ பாவம் அக்கா நீங்கள்’ என்று வாசகிகள் கடிதம் எழுதுகிறார்கள். இந்த வாரம் அப்படி எழுத மாட்டீர்கள். எழுதவும் வேண்டாம்.

டீசல் வாசனை

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பிளஸ் டூ முடித்த கையோடு பதினோரு பெண்கள் பஸ் ஏறி வந்து படப்பையில் இறங்கினோம். வயல்களுக்கு நடுவே கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டி மனை விற்றுக்கொண்டிருந்த சமயம் அது. அந்தக் கொடிகளுக்குப் பின்னால் இருந்த மாடி வீடுதான் எங்கள் ஹாஸ்டல். ஒரு அறைக்கு எட்டுப் பேர். கம்பெனியில் கார்களுக்கான ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்ய வேண்டும். ஓ.டி. வந்தால் பன்னிரண்டு.

காலை ஷிப்டுக்கு விடிவதற்கு முன்னால் தாவீது அண்ணனின் வேன் வரும். பென்னலூர்க்காரர். இருந்த நிலம் கம்பெனிகளுக்குப் போனபிறகு, வந்ததை வைத்து இரண்டாம் கையாக வாங்கிய ஆகாய நீல வேன். அதில் கடைசி சீட் யாருக்கும் ஆகாது. பின்கதவின் ரப்பர் தேய்ந்து, சைலன்சர் புகை அங்கேதான் முதலில் வரும். நான் தினமும் கடைசியாக ஓடிவருகிறவள் என்பதால் அந்த சீட் எனக்கென்றே ஆகிவிட்டது.

ஸ்டாப்பில் இரண்டு நிமிடத்துக்குமேல் நிற்கக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. அவருடைய இரண்டு நிமிடம் ஐந்து நிமிடம் ஓடும். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கத்தினால், “என் வாட்ச்சுல இன்னும் டைம் ஆவலமா” என்பார். அந்த வாட்ச் ஓடி நான் பார்த்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை மணிமங்கலம் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அவர் வேதக்காரர். கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, “நீங்க போயி உங்க சாமியப் பாத்துட்டு வாங்க. நான் இங்க என் சாமியாண்ட பேசிக்கினு கீறேன்” என்று பைபிளை எடுத்துக்கொண்டார். நாங்கள் திரும்பி வந்து பார்த்தால் பைபிளை நெஞ்சில் கவிழ்த்துப்போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். சாமியோடு நல்ல பேச்சுதான் என்று சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அதற்கு அடுத்த மாதம் எங்கள் அப்பா செத்துப்போனார்.

கம்பெனி கேட்டுக்கு போன் வந்திருக்கிறது. காலையில் வந்த செய்தியை டீ இடைவேளையில்தான் என்னிடம் சொன்னார்கள். தலையில் போட்ட துணித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்து நின்றேன். ஷிப்ட் முடிவதற்காக வாசலில் வேனுக்குள் படுத்திருந்த தாவீது அண்ணன் எழுந்து வந்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டார். அடுத்து வண்டியை எடுத்துவிட்டார்.

தாம்பரம் வரைக்கும் அந்த வேனில் நான் ஒருத்திதான். அப்போதும் பழக்கத்தில் கடைசி சீட்டில்தான் போய் உட்கார்ந்தேன்.

“அழுவணும்னா அழுதுடுமா. வண்டில யாரும் இல்ல” என்றார். ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்து, பெண்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று விசாரித்து அங்கேயே என்னை நிறுத்தி, இட்லிப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். “துன்னலன்னாலும் பரவால்ல. கைல வச்சுக்கோ.” ரயில் நகர்ந்தபோது கையை ஆட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுகைக்கு நடுவில், “என்னடி, ஒம்மேல ஒரே டீசல் நாத்தம்” என்றாள். அந்தத் துப்பட்டாவை ரொம்ப நாள் நான் துவைக்கவே இல்லை.

யார் மிதிக்கிறார்கள்

ஒப்பந்தம் முடிந்ததும் கம்பெனியில் எங்களை அனுப்பிவிட்டார்கள். ஊருக்குப் போனால் கல்யாணம் பண்ணிவைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், ஒரகடம் கூட்டு ரோடு பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் இருந்த புகைப் பரிசோதனைக் கூண்டில் வேலைக்குச் சேர்ந்தேன். தகரக் கூண்டு, ஒரு மிஷின், ஒரு மேஜை விசிறி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டு வாரம் பயிற்சி. மூன்றாவது வாரமே லாரிக்காரர்கள் எனக்குப் ‘பொக அக்கா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். இருபத்தோரு வயதில் நான் அக்கா!

வேலை சுலபம். மிஷினின் குழாயை வண்டியின் சைலன்சருக்குள் விட வேண்டும். என்ஜின் ஓடும்போது ஆக்சிலேட்டரை ஒரே மிதியாகக் கடைசிவரை மிதிக்க வேண்டும். மிஷினில் ஓர் எண் வந்து நிற்கும். டீசல் வண்டிக்கு அது அறுபத்தைந்தைத் தாண்டக் கூடாது. தாண்டாவிட்டால் ஆறு மாதத்துக்கு சர்ட்டிபிகேட் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம்.

எல்லாம் மிதிக்கிற காலில்தான் இருக்கிறது. ஓங்கி மிதித்தால் வண்டியின் வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். நோகாமல் மிதித்தால் எந்தக் கிழட்டு வண்டியும் தேறிவிடும். எங்கள் கூண்டில் மிதிப்பது என் வேலை. “யக்கா, பாத்து மிதிக்கா” என்று இளிப்பார்கள். இளிக்கிறவனுக்கு இன்னும் ஓங்கி மிதிப்பேன். அதில் எனக்கு ஒரு திமிர்கூட இருந்தது.

தாவீது அண்ணன் முதல் தடவை அந்த நீல வேனைக் கொண்டுவந்தபோது, இறங்கினதும் என்னைப் பார்த்து வாயெல்லாம் பல். “அட, நீயா! இன்னா தங்கச்சி, நல்லா கீறியா? இங்கியா உக்காந்துகினு கீற?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு என் மிஷினை ஒரு தினுசாகப் பார்த்தார்.

“இதெல்லாம் எதுக்கு? நம்மகிட்ட மிஷின் கீது பாரு” என்று பாக்கெட்டிலிருந்து வெள்ளைக் கர்ச்சீப்பை எடுத்தார். என்னை வண்டியில் ஏறி மிதிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் போய் சைலன்சர் வாயில் அதைப் பிடித்தார். எடுத்து விரித்தபோது நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“ரிங்கு போயிருக்கும்னு நெனைக்கிறேன். என்ஜின எறக்கணும் போலருக்கு. ஓட்டத்த நிறுத்திட்டு எப்டிமா எறக்கறது?”

அவருக்கே தெரிந்திருந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கர்ச்சீப் அவரிடம் உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

குழாயை மாட்டி, முறைப்படி ஓங்கி மிதித்தேன். இறங்கி வந்து மிஷினைப் பார்த்தால் எண்பத்தொன்று. அவர் வெளியே நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேனுக்குள் அதே டீசல் வாசனை. கடைசி சீட்டின் ரெக்ஸினில் நான் எப்போதோ விரலால் நோண்டிய கிழிசல்கூட அப்படியே இருந்தது. மறுபடி ஏறி மிதித்தேன். இந்தத் தடவை கட்டைவிரலால் தொடுவதுபோல மிதித்தேன். நாற்பத்தெட்டு வந்தது.

“நாப்பத்தெட்டுண்ணே” என்றேன்.

“மெய்யாலுமா?”

“ஆமாண்ணே. அறுவத்தஞ்சு வரைக்கும் போலாம். ஒங்களுது நாப்பத்தெட்டுதான்.”

கர்ச்சீப்பை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். “அப்ப இது பொய் சொல்லுதா?”

“கர்ச்சீப்பு கெடக்கட்டும்ண்ணே. மிஷினுக்குத் தெரியாததா அதுக்குத் தெரிஞ்சிரப் போவுது?”

அவர் கர்ச்சீப்பைக் கரி உள்ளே போகும்படி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என் கூண்டுக்கு வரும்போது அதை அவர் எடுத்ததே இல்லை. நான் இன்றுவரை பேசிய எல்லாப் பேச்சிலும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் திரும்ப எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

ரேங்க் கார்டு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். நாற்பத்தெட்டு, நாற்பத்தாறு, நாற்பத்தொன்பது, நாற்பத்தைந்து, மறுபடி நாற்பத்தெட்டு. மொத்தம் ஐந்து சர்ட்டிபிகேட். ஒரே எண் வந்தால் சந்தேகம் வருமே என்று மாற்றி மாற்றி மிதித்தேன். என்ன புத்தி பாருங்கள்!

காலாவதியானதை எல்லாரும் கிழித்துப் போடுவார்கள். அவர் ஐந்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிள்ளையின் ரேங்க் கார்டு மாதிரி வைத்திருந்தார். டீக்கடையில் மற்ற டிரைவர்களிடம் எடுத்துக் காட்டுவார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மெக்கானிக், வண்டி பின்னால் கறுப்பாகத் தள்ளுகிறது, என்ஜினை இறக்கிவிடு என்று சொல்லியிருக்கிறான். அவனிடமும் காட்டியிருக்கிறார். “டீசல் வண்டின்னா பொக வரத்தான் செய்யும்பா. அளவு இன்னான்னு மிஷின் சொல்லணும், நீ சொல்லக் கூடாது.” இதை என்னிடம் நடித்தே காட்டினார். நானும் சிரித்தேன்.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம் அவர் மனைவி எஸ்தர் அக்கா ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொண்டுவந்தார். “இவுரு வூட்லகூட இந்த நம்பர்தாம்மா பேசறாரு” என்று அலுத்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னார். “என்ஜினுக்குன்னு எடுத்து வச்சிருந்தோம்மா. அதான் வண்டி நல்லா கீதேன்னு வூட்டுக்குத் தளம் போட்டுட்டோம். எல்லாம் நீ குட்த்த தைரியந்தான்.”

அந்த அதிரசத்தை நான் அப்போது தங்கியிருந்த பெண்கள் ஹாஸ்டலில் பங்குபோட்டுக் கொடுத்தேன். நான் தின்னவில்லை.

சர்ட்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு, “அண்ணே, இந்தத் தடவை தப்பிச்சுட்டீங்க, என்ஜினைப் பாத்துருங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் எண்ணைக் கேட்டதும் அந்த முகம் மலர்கிற மலர்ச்சி இருக்கிறதே, அது எனக்கு வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவரை அப்படிச் சந்தோஷப்படுத்த முடிந்தது. அதை நான் நன்றிக்கடன் என்று நினைத்துக்கொண்டேன்.

வாயில் பன்

இப்போது அந்த மதியத்துக்கு வருகிறேன். அவர் தலை ஜன்னலுக்குள் இருக்கிறது. பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான்.

எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான். கம்பெனி வாசலில் நடக்கப்போகும் பரிசோதனை எங்கள் ஓனருக்குத்தான் கிடைக்கும் என்று பேச்சு இருந்தது. “மிஷினோட நீதான் போகணும்” என்று ஓனரே சொல்லியிருந்தார். அப்படியென்றால் அங்கேயும் மிதிக்கப்போவது என் கால்தான். அங்கேயும் நாற்பத்தெட்டுதான். பிறகு ஏன் இந்த மனிதரைக் கடனில் தள்ளிப் புது வண்டி வாங்கவைக்க வேண்டும்?

இதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். உள்ளே இருந்தது பயம். பேர் கொடுங்கள் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் ஐந்து சர்ட்டிபிகேட்டும் பொய் என்று ஆகும். வேலை போகும். அதைவிட, அந்த முகம் போகும்.

பன்னை ஒருவழியாக விழுங்கினேன்.

“நாப்பத்தெட்டு வண்டிக்கு எதுக்குண்ணே பயப்படுதீங்க?”

பலகையில் இரண்டு தட்டு தட்டினார். “அத்தான் நானும் எஸ்தராண்ட சொன்னேன். தங்கச்சி வாயால ஒருக்கா கேட்டுட்டா நிம்மதின்னுட்டு வந்தேன்.” லாரிக்காரனைப் பார்த்து, “இருப்பா, போறேன்” என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை போயிற்று. திங்கட்கிழமை ஓனர் வந்து, கம்பெனிக்காரர்கள் மெட்ராஸிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவருகிறார்களாம், நமக்கு இல்லை என்று சொன்னார். அவருக்கு அது வருத்தம். அப்படியென்றால் அங்கே மிதிக்கப்போவது என் கால் இல்லை.

பரிசோதனைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்து மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்து, மாறி மாறிப் பென்னலூர் போனேன். வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். எஸ்தர் அக்கா மாடிப்படி ஏற்றி, புதிதாகப் போட்ட தளத்தைக் காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார், சூடே ஏறாது என்றார். நின்று பார்த்தேன். டீ கொடுத்தார்கள். குடித்தேன். “இன்னா விஷயமா இவ்ளோ தூரம்?” என்று தாவீது அண்ணன் கேட்டார்.

“சும்மாத்தாண்ணே. பாத்து ரொம்ப நாளாச்சுல்லா” என்றேன்.

கம்பெனி வாசல்

பரிசோதனை அன்று காலையில் ஓனரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கம்பெனி வாசலுக்குப் போனேன். காலை ஷிப்டை இறக்கிவிட்ட பழைய வேன்கள் வரிசையில் நின்றன. பேர் கொடுத்தவர்கள் வரவில்லை. மீதி ஏழெட்டு வண்டிகள்தான். நீல வேன் பளபளவென்று நின்றது. தாவீது அண்ணன் சர்ச்சுக்குப் போகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

“தங்கச்சி! பாக்க வந்தியா?” என்று அத்தனை பேருக்கு நடுவில் சத்தமாகக் கூப்பிட்டார்.

இங்கே முறை வேறாக இருந்தது. மெட்ராஸ் ஆள் குழாயை மட்டும் பிடிப்பார். மிதிப்பது டிரைவரே. எண் பெரிதாக, சிவப்பாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். பழம் தின்று கொட்டை போட்ட டிரைவர்கள் காலை வைத்தும் வைக்காததுமாக மிதித்தார்கள். மெட்ராஸ் ஆள் ஒரு தடவை திட்டுவார், இன்னொரு தடவை பார்ப்பார், விட்டுவிடுவார். எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் டிரைவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, மெதுவா மிதிங்கண்ணே.”

“எதுக்கு?”

“சொல்லுதேன்லா. மெதுவா மிதிங்க.”

“அவனுங்க வண்டிக்கு மெதுவா மிதிக்கணும். நம்ம வண்டிக்கு இன்னாத்துக்கு?” என்று சிரித்தார். கம்பெனியில் போக்குவரத்தைப் பார்க்கும் அதிகாரி கவனிக்கிறார் என்று தெரிந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் ஒரே மிதியாக மிதித்தார். அன்றைக்கு அந்த வரிசையில் முறைப்படி மிதித்தது அவர் ஒருவர்தான்.

கறுப்பாக வந்தது. வாசல் சுவர் தெரியாத அளவுக்கு வந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். தொண்ணூற்று மூன்று.

“மிஷின் கோளாறு. இன்னொரு தபா பாரு நைனா” என்றார் தாவீது அண்ணன். இன்னொரு முறை. தொண்ணூற்று நான்கு. இறங்கி வந்து சிவப்பு எண்ணை உற்றுப் பார்த்தார். பிறகு வண்டிக்குள்ளிருந்து அந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து, அந்த அதிகாரி முன்னால் ஐந்து சர்ட்டிபிகேட்டையும் பானெட்டின்மேல் வரிசையாக வைத்தார்.

“பாருங்க சார். நாப்பத்தெட்டு, நாப்பத்தாறு, நாப்பத்தொம்போது. ஒரு தபாகூட அம்பதத் தாண்டல. எப்டி சார் தொண்ணூறு வரும்?”

அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். “எல்லாத்துலயும் ஒரே கையெழுத்தா இருக்கே. யார் போட்டது? கூப்பிடுங்க, கேட்போம்.”

தாவீது அண்ணன் என் பக்கம் திரும்பினார். இதோ நிற்கிறாளே என் தங்கச்சி என்று சொல்லத்தான் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மெதுவா மிதிங்க என்று நான் சொன்னது அப்போது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

நான் முன்னால் போய், நான்தான் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. இதற்கு மேல் எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

“கேக்கறேன்ல, யார் போட்டது?”

“தெர்ல சார்” என்றார் தாவீது அண்ணன். “புரோக்கராண்ட வாங்குனது. வண்டியவே எட்த்துக்கினு போவல.”

அதிகாரிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இத்தனை பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்குத் திருட்டு சர்ட்டிபிகேட்டா, இதில் வரிசையாக வைத்துக் காட்டுகிற தைரியம் வேறா என்று வாய்க்கு வந்தபடி பேசினார். மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். தாவீது அண்ணன் காகிதங்களைப் பொறுக்கி உறைக்குள் போட்டுக்கொண்டார். அதில் ஒன்று கீழே விழுந்தது. அதையும் குனிந்து எடுத்துக்கொண்டார். என் கையெழுத்து ஒன்றைக்கூட அங்கே விட்டுவைக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

புகை தேறாமல் மட்டும் போயிருந்தால் வேறு கம்பெனியில் வேறு ஓட்டம் பிடித்திருப்பார். திருட்டு சர்ட்டிபிகேட்காரன் என்ற பேர் அந்த ரோடு முழுக்கப் போய்விட்டது. யாரும் கூப்பிடவில்லை. நீல வேனை எடைக்குப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். தப்பு செய்த நான் கூண்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு எந்த வண்டியானாலும் ஓங்கித்தான் மிதித்தேன். எனக்குத் தெரிந்த பரிகாரம் அவ்வளவுதான். பென்னலூருக்குப் போகவில்லை. அந்தத் தளத்தில் மறுபடி நிற்க என்னால் முடியாது.

ஒரகடத்து கேட்

சில வருடங்கள் போயின. ஒரகடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் எழும்பின. எங்கள் ஓனர் ஒரு டீசல் வேனுக்குள் மிஷினை ஏற்றி, கம்பெனிகளுக்கே போய்ப் புகை பார்த்துக் கொடுக்கும் வேலையைத் தொடங்கினார். நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு அந்த வேனை ஓட்டினேன்.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். முதல் தடவையாக ஒரு கம்பெனிக்குப் போகிறேன். கேட்டில் செக்யூரிட்டி நீலச் சட்டையும் தொப்பியுமாகக் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே வருகிற எல்லா வண்டிக்கும் புகை சர்ட்டிபிகேட் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும் என்பது அங்கே விதி. ஜன்னலுக்குள் கையை நீட்டினார். அந்தக் கையில் ஓடாத வாட்ச்.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். இளைத்திருந்தார். மீசை முழுக்க நரைத்துவிட்டது.

சர்ட்டிபிகேட்டை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் வேனுக்கு நானே பரிசோதித்து, நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டது. நிஜமாகவே ஓங்கி மிதித்து எடுத்தது. அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

“அண்ணே, இது நெசமாவே முப்பத்தி...”

“நம்பர் சொல்லாத தங்கச்சி” என்றார்.

குரலில் கோபம் இல்லை. தங்கச்சி என்றுதான் சொன்னார். சர்ட்டிபிகேட்டைப் பிரிக்காமலே என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் நடந்தார். பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். முழங்காலில் கை ஊன்றி மெள்ளக் குனிந்து, பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து சைலன்சர் வாயில் பிடித்தார்.

“ஹும், மிதி” என்றார். “நல்லா மிதி.”

மிதித்தேன்.